கண்காட்சிச் சுவரில் நம் பெயர்

ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டி ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மாணவர் பினாங்கில் அநேகமாக இருக்க மாட்டார். புதிய மாணவர்களை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துச் செல்லும் மூத்தவர்கள் முதலில் கொண்டு போய் நிறுத்தும் இடமும் அதுதான். 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த படம் அது. அதே ஓவியர் 2014 ஜனவரியில், ஜாலான் குருத்வாராவில் பாழடைந்து கிடந்த ஒரு பழைய பேருந்துப் பணிமனையில் தம் தனிக் கண்காட்சியை வைத்தார். அந்தப் பணிமனைதான் இன்று ஹின் பஸ் டிப்போ என்ற பெயரில் ஊர்க் கலைஞர்களின் கூடமாக நிற்கிறது. மிதிவண்டிச் சுவரிலிருந்து அங்கே போக இருபது நிமிட நடை. முதல் இடத்தில் வரிசை பிடித்து நிற்கும் நம்மவர்களில் எத்தனை பேர் இரண்டாவது இடத்தின் வாசலை மிதித்திருக்கிறோம்?

சுவரோவியங்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். நான் பேச வந்தது, ஆண்டில் பல முறை இந்த ஊரில் நடக்கும் குழுக் கண்காட்சிகளைப் பற்றி. தமிழில் அவற்றைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு. அதனால் அவை எப்படி நடக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தனிக் கண்காட்சி என்றால் சுவர் முழுவதும் ஒருவருடைய படங்கள். குழுக் கண்காட்சியில் பத்துப் பேர், இருபது பேர், சில வேளைகளில் அதற்கு மேலும் இருப்பார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு படங்கள். அதற்குப் பருவங்கள் உண்டு. சீனப் புத்தாண்டையொட்டி ஒன்று, ஆகஸ்டில் மெர்டேக்காவையொட்டி ஒன்று, ஜார்ஜ்டவுன் விழாவின்போது சில, ஆண்டிறுதியில் சில என்று வரும். சில கண்காட்சிகளுக்குக் கூடத்தார் தாங்களே கலைஞர்களை அழைப்பார்கள். சிலவற்றுக்குத் திறந்த அழைப்பு விடுப்பார்கள்: கருப்பொருள் இது, படத்தின் அளவு இதற்கு மேல் போகக் கூடாது, இந்தத் தேதிக்குள் படத்தின் நிழற்படத்தையும் உங்களைப் பற்றிய சிறு குறிப்பையும் அனுப்புங்கள் என்று. தேர்வாகிவிட்டால் படத்துக்குச் சட்டம் போட்டு, பின்னால் தொங்கவிடுவதற்குக் கம்பி கட்டிக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். படத்தின் பக்கத்தில் ஒரு சிறிய அட்டை ஒட்டுவார்கள். அதில் வரைந்தவர் பெயர், படத்தின் தலைப்பு, எதனால் வரையப்பட்டது, எந்த ஆண்டு, விலை என்ன என்று இருக்கும். படம் விற்றுவிட்டால் அந்த அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு ஏறும். (நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பொட்டு வைத்தாயிற்றென்றால் பேசி முடித்தாயிற்று என்று பொருள்.) விற்ற பணத்தில் கூடம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், மிச்சம் வரைந்தவருக்கு.

அங்கே தொங்கும் படங்கள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். பாதி சுமார் ரகம். ஒரே சீனக் கடைவீட்டை, ஒரே ரிக்‌ஷாவை, ஒரே பூனையைப் பத்துப் பேர் பத்து விதமாக வரைந்திருப்பார்கள். அறுபது வயதுத் தேர்ந்த கையின் நீர்வண்ணப் படத்துக்குப் பக்கத்தில் நேற்றுத்தான் தூரிகை பிடித்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் படம் தொங்கும். அந்தக் கலப்புதான் குழுக் கண்காட்சியின் பலம் என்று நினைக்கிறேன். தனிக் கண்காட்சி வைக்க ஒருவருக்கு இருபது முப்பது படங்களும் கொஞ்சம் பெயரும் வேண்டும். குழுக் கண்காட்சிக்கு ஒரு படம் போதும். கலைத்துறையின் வீட்டுக்கு மிகத் தாழ்வான படி அது. சின்னக் கால்களும் அதில் ஏறலாம்.

கடந்த இரண்டு ஆண்டுகளில் ஊரில் நடந்த சில குழுக் கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் பெயர்ப் பட்டியலைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. சீனப் பெயர்கள், மலாய்ப் பெயர்கள், இங்கே தங்கி வரையும் வெளிநாட்டவர் பெயர்கள் எல்லாம் இருக்கும். நம் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அன்று நல்ல நாள். பல முறை அந்த ஒன்றும் இருந்ததில்லை. படங்களுக்குள் நாம் இல்லாமல் இல்லை. பூமாலை கட்டுபவர், காவடி தூக்குபவர், ரொட்டி சானாய் வீசுபவர் என்று சட்டத்துக்குள் நன்றாகவே இருக்கிறோம். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா இந்த ஊர்ச் சுவரொன்றில் ஓர் இந்தியப் படகுக்காரரைப் பெரிதாக வரைந்தார். கிங் ஸ்திரீட்டை நம் முன்னோர் படகுக்காரத் தெரு என்றுதான் அழைத்தார்கள். அந்தத் தெருவின் பிள்ளைகள் வரைந்த படகுக்காரர் எந்தச் சுவரில் இருக்கிறார்?

இதைப் படித்ததும், “அங்கேயெல்லாம் நம்மை எங்கே சேர்ப்பார்கள்?” என்று ஒருவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கழகக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது முதலில் எழுந்த கேள்வியும் அதுதான். பினாங்கின் ஓவியக் குழுக்களின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கிறது.

1920களில் இங்கே ‘பினாங்கு இம்ப்ரஷனிஸ்ட்ஸ்’ என்று ஓர் ஓவியக் குழு இருந்தது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் இங்கே குடியிருந்த ஐரோப்பியப் பெண்கள். உள்ளூரார் என்று பார்த்தால் இருவர் பெயர்தான் சொல்லப்படுகிறது: திருமதி லிம் செங் குங், அப்துல்லா அரிஃப். அப்துல்லா அரிஃப் அவர்களுக்கு ஓவியம் கற்றுக் கொடுத்தவர். அவர் பெயரில்தான் ஆயர் ஈத்தாமில் இன்று ஒரு சாலை இருக்கிறது. கற்றுக் கொடுக்கும் கை என்பதால் கதவு கொஞ்சம் திறந்தது. மற்றவர்கள் வெளியே நின்றார்கள். வெளியே நின்றவர்கள் என்ன செய்தார்கள்? 1930களின் நடுவில் சீன ஓவியர்கள் தங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்துக்கொண்டார்கள். கூச்சிங்கில் பிறந்து பினாங்கில் குடியேறிய யோங் முன் சென் அதில் முக்கியமானவர். நிழற்படக் கடை வைத்துப் பிழைத்தபடியே கடற்கரைகளையும் மீனவர்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர் அவர். போர் வந்து அந்தக் கழகம் கலைந்தது. போருக்குப் பிறகு 1953இல் பினாங்கு ஓவியக் கழகம் பிறந்தது. 1965இல் மாநில அரசின் ஓவியக்கூடமே வந்துவிட்டது. தலைநகரில் தேசிய ஓவியக்கூடம் 1958இல் தொடங்கி ஏழே ஆண்டுகளில் பினாங்குக்கும் ஒன்று கிடைத்தது சிறிய செய்தியன்று.

ஒரு காலத்தில் இனம் பார்த்துத்தான் வாசல் இருந்தது என்பதை இந்த வரலாறு மறைக்கவில்லை. ஆனால் அடைத்த வாசலைத் தட்டியவர்களும், தட்டியும் திறக்காதபோது பக்கத்தில் வேறு வீடு கட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழர்கள் ஒரு குழுவாகத் தட்டியதாகவோ கட்டியதாகவோ நான் படித்த எதிலும் இல்லை. நாம் அப்போது துறைமுகத்திலும் தோட்டத்திலும் இரயில் பாதையிலும் இருந்தோம். யாருக்குத் தூரிகை வாங்க நேரம்? அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இன்று அந்தக் காரணம் செல்லாது என்று மட்டும் சொல்கிறேன். இன்று திறந்த அழைப்பு எல்லாருக்கும் பொதுவாக வருகிறது. அனுப்புகிற இடத்தில்தான் நாம் இல்லை.

நம் கையில் திறமை இல்லையா? அப்படிச் சொன்னால் இந்த ஊர் சிரிக்கும்.

நிர்மலா தத் சண்முகலிங்கம் என்ற பெயர் நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1941இல் இதே பினாங்கில் பிறந்தவர். டாமன்சாரா பகுதியில் குவிந்து கிடந்த குப்பையைப் படமெடுத்து, அதையே படைப்பாக்கி, தேசிய ஓவியக்கூடத்தின் கண்காட்சிக்குக் கொடுத்தார். ஆண்டு 1973. ‘மனிதனும் அவன் உலகமும்’ என்ற பொருளில் பலர் பங்கேற்ற அந்தப் போட்டிக் கண்காட்சியில் அவருக்கு முக்கியப் பரிசு கிடைத்தது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே நம் பேச்சில் புழங்காத காலம் அது. அதற்குப் பிறகு போர், பஞ்சம், ஆப்பிரிக்கா என்று உலகத்தின் துயரங்களையெல்லாம் துணிச்சலாகக் கேள்வி கேட்ட படங்களை வரைந்தார். 2016இல் காலமானார். அவரையும் முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவற்றில் பலரோடு சேர்ந்து தொங்கிய ஒரு சுவர் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொருவர் செய்யது தாஜுதீன். 1943இல் இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். ஓவியம் படிக்க அவர் போன இடம் இலண்டனோ பாரிசோ அன்று, சென்னை. 1850இல் தொடங்கிய அந்தப் பழைய ஓவியக் கல்லூரியில் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் படித்தார். திரும்பி வந்து இராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் தீட்டினார். தமிழ்நாட்டில் பிறந்த ஒரு முஸ்லிம், மலேசியாவில் வளர்ந்து, இராமாயணம் வரைகிறார். நம் மண்ணின் கலப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பட்டிமன்றத்திலும் நான் கேட்டதில்லை.

அந்தச் சென்னைக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் தம் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் பத்து ஏக்கர் அளவு நிலம் வாங்கி ஓர் ஓவியர் கிராமத்தை அமைத்தார். அதற்குச் சோழமண்டலம் என்று பெயர். ஓவியத்தை மட்டும் விற்று வயிறு வளர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பாத்தேக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் நிலமும் வாங்கினார்கள், ஓவியமும் வரைந்தார்கள். யாருடைய நன்கொடைக்கும் காத்திருக்கவில்லை. பாத்தேக் என்றதும் பினாங்குக்காரர்களுக்கு நினைவு வர வேண்டியவர் சுவா தியன் தெங். போருக்குப் பிறகு பாத்தேக் தொழிற்கூடம் வைத்து நொடித்துப்போய், மிஞ்சிய மெழுகையும் சாயத்தையும் கொண்டு 1950களில் துணியில் ஓவியம் தீட்டத் தொடங்கியவர். மெழுகும் சாயமும் இங்கே ஒருவருக்குப் புதிய ஓவிய மொழியாயின. கடலுக்கு அந்தக் கரையில் அவையே ஒரு கிராமத்துக்குச் சோறு போட்டன. நம்முடைய லெபோ சூலியாவின் ‘சூலியா’ சோழ நாட்டிலிருந்து வந்த சொல் என்பார்கள். அப்படியானால் அந்தக் கிராமமும் இந்தத் தெருவும் ஒரே பெயரைச் சுமந்து நிற்கின்றன.

பெரியவர்களை விடுவோம். நம் பக்கத்திலேயே பாருங்கள். தீபாவளிக்குப் பேரங்காடி நடுவில் வண்ண அரிசியால் பெரிய கோலம் போடுகிறார்கள். நாலைந்து பேர் இரவெல்லாம் குனிந்து முதுகொடிந்து போடுவது அது. எல்லா இனத்தாரும் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். ஒரு மயிலின் கழுத்தில் நீலம் பச்சையாக மாறும் இடத்தை அரிசியில் கொண்டுவருவது எளிதா? எந்த ஓவியக் கல்லூரி அதைக் கற்றுக் கொடுத்தது? பண்டிகை முடிந்ததும் கூட்டி அள்ளிவிடுவார்கள். கோலத்தின் ஓரத்தில் ஆதரவளித்த நிறுவனத்தின் சின்னம் இருக்கும்; போட்டவர்களின் பெயர் இருக்காது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. அவற்றின் முகப்பும் தோரணமும் வண்ண விளக்கும் திரைச்சீலையில் தீட்டிய முருகனும் எல்லாம் யாரோ ஒருவர் கை வேலைதான். காவடிக்கு மயிலிறகு கட்டுகிறவர், தேருக்குப் பூச்சரம் பின்னுகிறவர் என்று பட்டியல் நீளும். பெயர் இல்லாத கலைக்கு ஒரு பெருமை உண்டு, மறுக்கவில்லை. தெய்வத்துக்குச் செய்தது, அதில் ‘நான்’ எதற்கு என்பது நம் மரபு. ஆனால் பேரங்காடிக்குச் செய்ததிலும் ‘நான்’ இல்லாமல் போவது மரபா, ஏமாளித்தனமா?

என் பள்ளித் தோழன் ஒருவனை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். இடைநிலைப்பள்ளியில் ஒன்றாகப் படித்தோம். அறிவியல் பாடத்தில் தவளையின் உடலமைப்பை வகுப்பில் பாதிப் பேருக்கு அவன்தான் வரைந்து கொடுப்பான். சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்களின் முகங்கள் அவனுடைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் இருக்கும். படிவம் நான்கில் ஓவியப் பாடம் எடுக்க ஆசைப்பட்டான். “படம் வரைஞ்சு என்ன சாப்பிடப் போறே?” என்று கேட்டார் ஓர் ஆசிரியர். வீட்டிலும் அதே கேள்விதான். இன்று அவன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறான். ஆண்டுக்கு ஒரு முறை, தைப்பூசத்துக்கு, ஒரு பந்தலுக்கு முருகனைத் தீட்டிக் கொடுக்கிறான். போன தைப்பூசத்தில் அந்த முருகனுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களை நானே எண்ண முயன்று விட்டுவிட்டேன். “யார் வரைஞ்சது தம்பி?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று மோர் ஊற்றிக் கொண்டிருந்தான்.

அவனுக்குப் பினாங்கில் ஓவியக்கூடம் இருப்பது தெரியும். அங்கே படம் கொடுக்கலாம் என்பதுதான் தெரியாது. “அதெல்லாம் படிச்சவங்களுக்குடா” என்றான். இந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

இதை யார் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்? பள்ளியா? நான் படித்த தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் கலைக்கல்விப் பாடவேளை என்பது கால அட்டவணையில் மட்டும் இருந்தது. அந்த நேரத்தில் யூ.பி.எஸ்.ஆர். மாதிரித் தாள்களைச் செய்தோம். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘ஏ’க்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் அன்று தமிழ்ப்பள்ளிகளின் மானம் அளக்கப்பட்டது. அந்தத் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. பறிபோன பாடவேளை திரும்பி வந்துவிட்டதா என்று தமிழ்ப்பள்ளிகளில் இப்போது பணியாற்றும் நம் முன்னாள் மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டைக் கேட்பதிலும் பயனில்லை. ஓவியத்தால் சோறு வராது என்ற பெற்றோரின் பயம் பொய்யான பயமன்று. குழுக் கண்காட்சியில் ஒரு படம் விற்று யாரும் வீடு வாங்கியதில்லை. வண்ணத்துக்கும் சட்டத்துக்கும் போட்ட காசு திரும்பினாலே மகிழ்ச்சி. ஆனால் கவிதை எழுதி யார் வீடு வாங்கினார்கள்? நாம் கவிதைப் போட்டி நடத்துவதை நிறுத்தவில்லையே.

ஆக, கேள்வி நம்மிடமே வருகிறது. தமிழ்க் கழகங்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் ஓவியத்துக்கு என்ன செய்கிறோம்? சிறுகதைப் போட்டி உண்டு, கவிதைப் போட்டி உண்டு, பேச்சு, பட்டிமன்றம், நாடகம், பரதம் எல்லாம் உண்டு. பொங்கலுக்கு ஒரு கோலப் போட்டி. பாலர் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வண்ணம் தீட்டும் போட்டி. அதில் கோடு நாம் போட்டுக் கொடுத்துவிடுவோம், வண்ணம் மட்டும் அவர்கள். ஓவியம் வரையத் தெரிந்த உறுப்பினர் கிடைத்துவிட்டால் அவரை நிகழ்ச்சி மேடையின் பின்திரைக்கும் வரவேற்பு அட்டைக்கும் பயன்படுத்திக்கொள்வோம். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் திரை எங்கே போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொல்வோம், சாப்பாடு கொடுத்தவருக்குச் சொல்வோம். திரையை வரைந்தவர் பெயர் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் போய்விடும்.

மொழிக் கழகத்துக்கு ஓவியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். கண்காட்சிச் சுவரில் ஒட்டும் அட்டைகளில் நான் தமிழைப் பார்த்ததில்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தமிழில் நாலு வரி பேச முயன்றால் சொல் தட்டுப்படுகிறது. நீர்வண்ணம், தைலவண்ணம், கரிக்கோல் என்று சொற்கள் இல்லாமல் இல்லை, புழக்கம் இல்லை. திரைப்படத்தைப் பற்றி விடிய விடியத் தமிழில் பேச முடிகிற நமக்கு ஒரு சட்டத்துக்குள் இருக்கும் படத்தைப் பற்றிப் பேசும்போது வாய் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ போகிறது. போய்ப் பார்த்து, பேசி, எழுதினால்தான் அந்தச் சொற்கள் நாக்கில் ஏறும். இது மொழிக் கழகத்தின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

இங்கே நண்பர் ஒருவர் வேறொரு யோசனை சொன்னார். “நாமே ஓர் ‘இந்திய ஓவியக் கண்காட்சி’ நடத்திவிட்டால் என்ன? மண்டபம் பிடித்து, பிரமுகரை அழைத்து, குத்துவிளக்கு ஏற்றி...” எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு முறை நடத்தலாம். செய்தித்தாளில் படம் வரும். பார்க்க வருகிறவர்கள் நம் உறவினர்களாகவே இருப்பார்கள். ‘நல்லா இருக்கு’ என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு வடை சாப்பிடப் போவோம். அறிமுகமில்லாத ஒருவர் நின்று பார்த்து, பிடிக்காமல் நகர்ந்து போவதையும், இன்னொருவர் திரும்பி வந்து இரண்டாம் முறை பார்ப்பதையும் என் தோழன் பார்க்க வேண்டும். அது பொதுச் சுவரில்தான் கிடைக்கும். பக்கத்தில் தொங்கும் சீன ஓவியரின் நீர்வண்ணத்தைப் பார்த்து, ‘இந்த ஈரத்தை எப்படிக் கொண்டுவந்தார்?’ என்று அவரிடமே கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் இடம் நம் மண்டபம் இல்லை.

அதே நேரத்தில், தனியாக அனுப்பத் துணிச்சல் வராது என்பதும் உண்மை. அதற்குச் சிறிய குழு ஒன்று வேண்டும். இதற்கு நமக்கு முன்மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓவிய ஆசிரியராக இருந்த அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று ஒன்றை நடத்தினார். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிறவர்களும் விடுமுறையில் கூடி வரைவார்கள். பெரிய கட்டடமும் பெரிய நிதியும் வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் இல்லை அவர்கள். இரவு வேலைக்காரனான என் தோழனுக்கும் விடுமுறை நாள் உண்டு. நமக்குப் பருவ விடுமுறையே உண்டு.

என் யோசனை பெரியதன்று. நம் கழகத்தில் வரையத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். வெளியே என் தோழனைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்தில் உட்கார்ந்து வரையட்டும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் எதிரில் உட்கார்ந்தால்கூட ஆயிரம் முகம் கிடைக்கும். ஊரில் திறந்த அழைப்பு வரும்போதெல்லாம் அதைத் தமிழில் எழுதி எல்லாருக்கும் தெரிவிக்கும் பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். கோலப் போட்டியில் மூன்று வெற்றியாளர்களுக்குக் கொடுக்கும் சுழற்கிண்ணங்களுக்கு ஆகும் செலவில் சில படங்களுக்குச் சட்டம் போட்டுவிடலாம். கிண்ணத்தை யாரும் வீட்டில் துடைத்து வைப்பதில்லை. முதல் ஆண்டு அனுப்பிய பத்தில் ஒன்பது திரும்பி வரலாம். வரட்டும். சிறுகதைப் போட்டிக்கு அனுப்பிய கதைகள் எல்லாமா அச்சேறின?

முன்னாள் மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களில் பலர் இன்று வீடு வாங்கியிருக்கிறீர்கள். வரவேற்பறைச் சுவரில் அச்சடித்த நீர்வீழ்ச்சிப் படம் ஒன்று மாட்டியிருப்பீர்கள். அடுத்த முறை அதைக் கடையில் வாங்குவதற்கு முன் ஒரு குழுக் கண்காட்சிக்கு வந்து பாருங்கள். சிறிய படங்களுக்கு நீங்கள் நினைக்கும் அளவு விலை இருப்பதில்லை. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வரைந்தவர் பக்கத்தில் நின்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். சிவப்புப் பொட்டு வைப்பவர்களின் பக்கத்திலும் நம் ஆள்கள் வேண்டும்.

என் தோழனிடம் பேசிவிட்டேன். முருகனை அனுப்ப மாட்டானாம். அது சாமி, விலை போட முடியாது என்கிறான். சுங்கை நிபோங்கில் இரவுப் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியை வரைந்து வைத்திருக்கிறான். மடியில் ஒரு மைலோ டின், அதற்கு மேல் கட்டிய துணி, அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். கைகள் சரியாக வரவில்லை என்று இரண்டு மாதமாகத் திருத்திக் கொண்டிருக்கிறான். தலைப்பை மலாயில் போடுவதா தமிழில் போடுவதா என்று கேட்டான். தமிழில் எழுதி, கீழே மலாயில் போடு என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்கிடையில், பார்க்க மட்டும் வர விரும்புகிறவர்களுக்கு: வளாகத்திலிருந்து ரேப்பிட் பினாங்கு ஏறிக் கொம்தாரில் இறங்கினால் ஹின் பஸ் டிப்போவுக்கு நடந்தே போகலாம். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சந்தையும் இருப்பதால் கூட்டம் இருக்கும். படங்களை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள்.